கிணற்றடியில் வழுக்கவில்லை

அன்று சண்டிலிப்பாய் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் நான்கு பேர்: செல்வநாயகி, அவளுடைய தகப்பனின் தமையன் நமசிவாயம், தாயின் தங்கை அருமைநாயகி, ஒன்பது வருடங்களுக்கு முன் சீதன உறுதிப் பத்திரத்தை எழுதிய நொத்தாரிசு செல்வரட்ணம். அவளுடைய புருசன் குலசிங்கம் புகையிலை விற்கச் சுன்னாகத்துக்குப் போயிருந்தான். நான்கு மணிக்குத் திரும்பிவிடுவான்.

மணி மூன்று இருபது. செல்வநாயகி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்ரர் போட்ட இடது கை மடியில் கிடந்தது. "உன்ரை ஆக்கள் இந்தப் படலையைத் தாண்டினால், அடுத்த முறை கை இல்லை, கழுத்து" என்று அவன் சொல்லி மூன்று நாள்தான் ஆகிறது. இப்போது மூன்று பேர் வாசல் படலையைத் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒழுங்கையில் வாடகைக் கார் வேறு நின்றது.

அவளை வட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போக நமசிவாயம் வந்திருந்தார். ஊருக்குச் சொல்ல ஒரு கதையும் அவரிடம் ஆயத்தமாக இருந்தது: பெரியம்மாவுக்குச் சுகமில்லை, பார்க்க வந்திருக்கிறாள். உறுதியையும் பத்திரமாக எடுத்துப்போகத்தான் நொத்தாரிசைக் கூப்பிட்டிருந்தார்.

நொத்தாரிசு உறுதியை மடித்து வைத்தார். "அண்ணை, இது ஆரின்ரை வீடு?"

"என்ன கேள்வி? தம்பி தன்ரை மேள் செல்வநாயகிக்குச் சீதனமாய்க் குடுத்தது. நீர்தானே எழுதினீர்."

"அப்ப வீட்டுக்காரி பெட்டி கட்டுறாள், வந்து குடியேறினவர் கட்டிலிலை காலை நீட்டுறாரோ?"

அருமைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "பெண்சாதிக்கு அடிக்கிறதுக்கும் சட்டம் இருக்கே?"

"ஆருக்கு அடிச்சாலும் அடி அடிதான், தங்கச்சி. இயக்கப் பிரச்சினையாலை இந்த நாளையிலை பொலிசுப் பக்கம் போகேலாது. நேரே மல்லாகம் கோட்டிலை வழக்கு வைப்பம். இனிக் கை வைக்கமாட்டனெண்டு நீதவான் பிணை எழுதுவிப்பார். மீறினால் மறியல், சிறைதான். ஆனால்..." அவர் ஆஸ்பத்திரித் துண்டைத் தூக்கிக் காட்டினார். "கிணத்தடியிலை வழுக்கி விழுந்ததெண்டு இதிலை கிடக்கு. இதை ஆர் சொன்னது?"

சொன்னவர் நமசிவாயம். செல்வநாயகி வாய் திறக்குமுன் அவரே டொக்குத்தரிடம் சொல்லிவிட்டார். குடும்ப மானம் காத்ததாக அன்று நினைத்தார்.

"எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் கோட்டுப் படி ஏறினதில்லை" என்றார் அவர்.

"இந்தப் பிள்ளை செத்தால், மரண விசாரணைக்கு ஏறத்தானே வேணும்?" என்றார் நொத்தாரிசு.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மணி நான்காகவில்லை.

சின்னம்மா அருமைநாயகி செல்வநாயகியை அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். யன்னல் சீலைக்கு நடுவால் செல்வநாயகி பார்த்தாள். பெரியையா நமசிவாயம் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, மெல்ல நடந்து போய்ப் படலைக்குக் குறுக்கே நின்றார்.

"என்ன பெரிய மாமா, வீட்டிலை மாநாடோ?" குலசிங்கம் காரைப் பார்த்தான். "செல்வநாயகி! வெளியிலை வா!"

அந்தக் குரலுக்கு அவளுடைய கால்கள் தாமாகவே எழும்பின. ஒன்பது வருடப் பழக்கம் அது. சின்னம்மா பிடித்தும் நிற்கவில்லை. படியில் வந்து நின்றாள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு இடமும் போகேல்லை" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கிணத்தடியிலை நான் வழுக்கவும் இல்லை. நீங்கள்தான் உலக்கையாலை அடிச்சனீங்கள்."

வேலிக்கு மேலால் அயலவர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன.

குலசிங்கம் சிரித்தான். "டொக்குத்தரிட்டை வழுக்கினதெண்டு சொன்னது ஆர்? கேளும் உம்மடை பெரியையாவை."

நமசிவாயத்தின் முதுகை மட்டுமே அவள் பார்த்தாள். இந்த முறையும் அவர் அதே பொய்யைச் சொல்லிவிட்டால், இரவு அவளும் அவனும் மட்டும்தான்.

"நான்தான் சொன்னனான்" என்றார் அவர், ஒழுங்கை முழுதும் கேட்க. "பொய் சொன்னனான். அதைக் கோட்டிலையும் சொல்லுவன். இது என்ரை தம்பி மேளின்ரை வீடு. நீர் போம்."

குலசிங்கம் படலையைக் காலால் உதைத்தான். கிழவர் அசையவில்லை. வேலிக்கு மேல் தலைகள் கூடிக்கொண்டிருந்தன. அவன் துப்பிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தாய் வீட்டுக்குப் போனான்.

அன்றிரவு பெரியையா விறாந்தையில் படுத்தார். செல்வநாயகி தூங்கவில்லை. பிணை எழுதப்படும்வரை ஏழு வாரம் அவள் அப்படித்தான் இருந்தாள்.

துப்பாக்கியோடு இயக்கப் பெடியள் வந்து வெருட்டித்தான் குலசிங்கம் போனான் என்று சந்தியில் இன்னமும் கதைக்கிறார்கள். ஒரு பெடியனும் வரவில்லை. நமசிவாயம் மல்லாகம் கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் பொய் சொன்னதாகச் சொன்னார்.