ரேடியோ வாய் மூடக் கற்ற கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சுழல்நாற்காலியில். கழுத்தைச் சுற்றித் துணி, எதிரே கண்ணாடியில் பாதி வெட்டிய என் தலை. முடி வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி, தான் ஃபைனான்ஷியல் பிளானர் ஆவதற்குப் படிப்பதாகச் சொன்னார். "அட, எப்படி இந்த..." என்று ஆரம்பித்தேன். "எண்ணம் வந்துச்சுன்னுதானே கேக்கறீங்க?" என்று அவரே என் கேள்வியை முடித்து, பதிலையும் சொல்லி, காதோரத்தையும் சரிசெய்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவர் இதைப் படித்துவிட்டால், அடுத்த முறை என் காதுகளுக்கு நான் பொறுப்பல்ல.)

2

முதல் தொடக்கம்: "நிதித் திட்டமிடல் என்பது வெறும் எண்களைப் பற்றியதன்று, அது மனித மனங்களின்..." எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள்..." மழைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் அந்த முடிவெட்டும் பெண்மணிக்கு ரேடியோ என்று பெயர். வரி, காப்பீடு, முதலீடு என எழுத்துத் தேர்வு அத்தனையிலும் வெளுத்து வாங்கியவர். சான்றிதழுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. வாடிக்கையாளராக நடிக்க ஒருவர் வந்து உட்காருவார். அவருடைய ஆசைகளையும் கவலைகளையும் கேட்டறிய வேண்டும். ஓரமாக ஒரு தேர்வாளர் அமர்ந்து கவனிப்பார்.

வந்தவர், "ரிட்டையர் ஆனப்புறம் எனக்கு..." என்று இழுத்தார்.

"சொந்த வீட்ல நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதானே சார்? கவலையே படாதீங்க!" என்றார் ரேடியோ. பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் மருத்துவச் செலவு, எதைக் கேட்டாலும் பதிலையும் அவரே சொன்னார். எதிரே இருந்தவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை.

தேர்வாளர் எழுதிய குறிப்பு: "வாடிக்கையாளரை நான் சந்திக்கவே இல்லை."

இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் முழுப் படிப்பையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

(அடிக்குறிப்பாகப் போட்டிருக்க வேண்டியது: அவரைக் குறை சொல்ல முடியாது. கத்தரி பிடித்துப் பழகியவர். நாற்காலியில் இருப்பவர் பேசாமல் இருந்தால் சங்கடப்படுகிறார் என்று அர்த்தம். உடனே பேச்சுக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தொழிலில் சோறு போட்ட வாய், இந்தத் தொழிலில் காலை வாரிவிட்டது.)

3

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. வீட்டில் கணவர் இருந்தார், லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. திரைச்சீலைக்கு என்ன நிறம்? "உன் இஷ்டம்." விடுமுறைக்கு எங்கே போகலாம்? "உன் இஷ்டம்." இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? அவரைத் தூக்கிவிட்டு, வாயாடித் தங்கை ஒருத்தியைக் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்தேன்.

சமையலறை மேசையின் இந்தப் பக்கம் ரேடியோ. அந்தப் பக்கம் அவர், கிரீஸ் போகக் கழுவிய கைகளோடு.

"நீங்க யாரோ, நான் யாரோ. சரியா?"

"சரிங்க மேடம்."

"சிரிக்காதீங்க. பணம் ஒரு பிரச்சினையே இல்லைன்னா, என்ன செய்வீங்க?"

கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிவிடாமல் இருக்க ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவர் மேசையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அவர் சொன்னதாக நான் முதலில் எழுதியது: "ஒரு கார் வாங்கணும்." அடுத்து: "பொண்ணை நல்லா படிக்க வெக்கணும்." அதற்கடுத்து: "உன் பேர்ல ஒரு கடை..." படித்துப் பார்த்தால் மூன்றும் என் குரல். ரேடியோவைக் கேலி செய்த நானே அவர் கணவரின் வாயில் வார்த்தைகளைத் திணித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு, மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன்.

திரும்பி வந்தால் மனிதர் பேசிக்கொண்டிருந்தார்.

"...சிரிக்கக் கூடாது. இந்த ஊர்ல பாதி லிஃப்ட் நான் ரிப்பேர் பாத்ததுதான். மேல மெஷின் ரூம்ல ஜன்னல் இருக்காது. கீழ இறங்குனா வெறும் குழி. எந்த மாடியில இருந்தும் நான் வெளிய பாத்ததே இல்லை. ஒரு நாள் நல்ல சட்டை போட்டுக்கிட்டு, எல்லாரையும் மாதிரி பட்டனை அமுக்கி, சும்மா மேல போகணும். நின்னு நிதானமா பாக்கணும். ஒவ்வொரு கட்டடமா."

"தனியாவா?" ரேடியோ அவ்வளவுதான் கேட்டார். (கேட்டுவிட்டு மறுபடியும் நாக்கைக் கடித்தார்.)

"உன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இல்லை. நீயும் வரணும்."

ரேடியோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எனக்கும்தான். இந்த ஆசைக்கு மாதாமாதம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் ஓர் உச்சிமாடியில் நின்றார்கள்.

"அதோ நம்ம வீடு!" என்றார் கணவர்.

"எது?"

"மொட்டைமாடியில துணி காயுது பாரு, அது."

(அது என் துணி. அவர்கள் வீடு அதற்கு அடுத்தது. சந்தோஷத்தில் இருக்கிறார்கள், போகட்டும்.)

4

மறுதேர்வு நாள். கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ரேடியோ பொறுமையாகக் கேட்கிறார், தேர்வாளர் எழுந்து நின்று கைதட்டுகிறார். (கைதட்டும் தேர்வாளரை நான் பார்த்ததில்லை.)

கடைசி நிமிடத்தில் வாய் திறந்து தோற்றுவிடுகிறார், ஆனாலும் வாழ்க்கையில்... வேண்டாம். இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டுக் கவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.

வாடிக்கையாளர் வரவே இல்லை.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். நடிக்க வருபவர் ஒருவரை எழுதித்தான் பார்த்தேன். அவர் என்ன சொன்னாலும் அது நான் சொன்னதாகவே இருந்தது. அனுப்பிவிட்டேன். இப்போது எதிர் நாற்காலி காலி. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாராவது உட்கார்ந்து, மனதில் இருப்பதைச் சொன்னால்தான் ரேடியோ தேறுவார்.

நீங்கள் கொஞ்சம் உட்காருங்களேன்.

கதவைச் சாத்தியாயிற்று. ரேடியோ உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.

"வாங்க. பணம் ஒரு பிரச்சினையே இல்லைன்னா, என்ன செய்வீங்க?"

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். அவர் குறுக்கே பேசமாட்டார். நானும் இனி