முகம் காட்டாத காட்டுமாடு

சந்திரவல்லி வரைந்த மிருகங்கள் எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. மிளா மான் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி குட்டிகளை ஓட்டிக்கொண்டு புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. கருங்குரங்கு வாலைத் தொங்கவிட்டுக் கிளை மாறிப் போய்க்கொண்டிருந்தது. வரைகிறவளை ஒரு நிமிஷம் நின்று பார்ப்போம் என்ற மரியாதை ஒன்றுக்கும் கிடையாது. ஓவிய வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எல்லாத்துக்கும் உங்க மேல கோவமா?" என்று கேட்டது.

கோபமெல்லாம் இல்லை. காரணம் ஜீப்பு.

போடிப் பக்கமிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறவும் மாட்டார்கள். முதலில் ஏறுகிறவர் உள்ளே ஒடுங்க வேண்டும், கடைசியில் ஏறுகிறவர் விளிம்பில் தொற்ற வேண்டும். முன்சீட்டு கங்காணி மொக்கச்சாமிக்கு. ஜீப்பு சிலமலையில் புறப்படும். அங்கே ஏறுகிற சுப்புத்தாய், டிரைவர் முதுகுக்குப் பின்னால் உள்மூலையில் போய் உட்காருவாள். மற்ற பெண்கள் போடிக்குள் ஏறுவார்கள். சந்திரவல்லியின் வீடு முந்தலுக்குப் போகிற வழியில் இருக்கிறது, மலை ஏறுவதற்கு முன்னால் கடைசி ஆள் அவள்தான். அதனால் பின்பக்கத் திறப்பை ஒட்டிய இடம் அவளுடையது. பத்தாவது முடித்த கையோடு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவள், இப்போது நாற்பதைத் தொடப்போகிறாள். இடம் மட்டும் மாறவில்லை.

பாதையில் ஏதாவது தட்டுப்பட்டால் டிரைவர் முத்துக்கண்ணன்தான் முதலில் பார்ப்பான். "மாடு" என்பான், அல்லது "மிளா" என்பான். மொக்கச்சாமி முன்னால் குனிந்து நன்றாகப் பார்ப்பார். ஜீப்புச் சத்தத்துக்கு மிரண்ட மிருகம் அதற்குள் சாலையைத் தாண்டிச் சரிவில் ஏறத் தொடங்கியிருக்கும். ஜீப்பு அந்த இடத்தைக் கடந்து, பின்னால் இருக்கிற சந்திரவல்லி கழுத்தை வளைக்கும்போது அவளுக்குக் கிடைப்பது முதுகும் வாலும்தான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவளுக்கு ரசம் மட்டும் மிஞ்சுகிற கதை.

முதல் நாள் அவள் பார்த்தது ஒரு காட்டுமாடு. கன்னங்கரேலென்று அவ்வளவு பெரிய உடம்பு, நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏலச் செடிகளுக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தை விட்டு நாலு நாள் ஆகியிருந்த சந்திரவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள்.

அந்த மாட்டின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. கல்யாணம் ஆயிற்று, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, ஆசை மட்டும் பின்சீட்டிலேயே அவளோடு வந்துகொண்டிருந்தது.

போன வருஷம் போடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'ஓவிய வகுப்பு, ஞாயிறு மட்டும்' என்று பலகை தொங்கியதைப் பார்த்தாள். மூன்று வாரம் அண்ணாந்து பார்த்துவிட்டு நாலாவது வாரம் படி ஏறினாள். வகுப்பு நடத்துகிற ரோஜாவுக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். "அக்கா, இது சின்னப் பிள்ளைகளுக்கான வகுப்பு" என்றாள். "நானும் சின்னப் பிள்ளையில விட்டதுதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு சந்திரவல்லி தரையில் உட்கார்ந்துகொண்டாள். ரோஜா ஒரு தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

கற்றுக்கொண்டாள். உடம்புக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை, அதற்குப் பிறகுதான் கால். மாட்டின் பின்னங்காலில் முட்டி என்று நாம் நினைப்பது உண்மையில் குதிகால் என்று ரோஜா சொன்ன அன்று, அடுத்த வீட்டுப் பசுவின் காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பசு உதைத்தது. கறுப்பு மிருகத்துக்குக் கறுப்பு டப்பாவைத் திறக்கக் கூடாது, பழுப்பும் நீலமும் குழைத்தால்தான் கறுப்புக்கு உயிர் வரும் என்று தெரிந்துகொண்டாள். வெள்ளைக்கு வண்ணமே கிடையாது, தாளை அப்படியே விட்டுவைப்பதுதான் வெள்ளை என்றதும் நல்லவேளை என்று நினைத்தாள். சாக்ஸ் சுலபமாகப் போயிற்று.

"எல்லாம் நல்லா வருதுக்கா" என்றாள் ரோஜா ஒரு நாள், தாள்களைப் புரட்டிக்கொண்டே. "நடை வருது, எடை வருது. ஆனா ஒன்னுகூட நம்மளப் பாக்க மாட்டேங்குதே. சித்திரை கடைசி ஞாயிறு மண்டபத்துல கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கு ஒரு மிருகம். உங்களோடது முகத்தோட இருக்கட்டும்க்கா. நீங்க ஆசைப்பட்ட காட்டுமாட்டையே போடுங்க."

"நான் அது மூஞ்சிய இன்னும் பாக்கலையே டீச்சர்."

"அதுக்கென்ன, போன்ல ஆயிரம் கெடக்கு."

கிடந்தது. அன்று மாலையே ஒன்றைப் பார்த்து வரைந்தாள். கொம்பு, நெற்றி, ஈர மூக்கு எல்லாம் சரியாகத்தான் வந்தன. அவளுடைய வீட்டுக்காரர் ராஜாராம் ஏலக்காய் ஸ்டோரில் இருந்து வந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, முட்ட வருது" என்று பாராட்டினார். ஆனால் சந்திரவல்லிக்கு ஒட்டவில்லை. எந்த ஊர்க் காட்டில் யார் எடுத்த படமோ. கல்யாணப் பத்திரிகையில் வேறு பெண்ணின் போட்டோ போட்டது போல இருந்தது. கிழிக்க மனசில்லாமல் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில் மொக்கச்சாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு நாளைக்கு முன்சீட்டு வேணும்."

மொக்கச்சாமி வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் பார்த்தார். அந்த முன்சீட்டை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "ஏத்தா, மேலுக்குச் சொகமில்லையா?"

"சொகமாத்தேன் இருக்கேன். வெள்ளச் சாக்ஸோட போகுமே, அந்தக் காட்டுமாட்டு மூஞ்சியப் பாக்கணும்."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் சோறு சிந்தியது. "அதுக்கு எதுக்குத்தா முன்சீட்டு, கங்காணி மூஞ்சியப் பாத்தாப் போதாதா?" என்றாள் ஒருத்தி. மொக்கச்சாமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சந்திரவல்லி சிரிக்காமல் நின்றுகொண்டிருந்ததுதான் காரணமாக இருக்கும்.

"ஒரே ஒரு நா. நாளைக்கி" என்றார். "நான் பின்னாடி தொத்திக்கிறேன். விழுந்து கெடந்தா வந்து பொறுக்கிக்கங்க."

அன்று ராத்திரி சந்திரவல்லிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் வெளுத்து மடித்த சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வருகிறார்கள் என்பது போல வாசலில் நின்றாள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் உலகம் எதிர்ப்பக்கமாக வந்தது. இத்தனை வருஷமாக அவளை விட்டுப் போய்க்கொண்டே இருந்த பாதை இப்போது அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் 'இதோ, இதோ' என்று ஆசை காட்டியது.

பாதி மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. ஜீப்புக்கு முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. போடிமெட்டு செக்போஸ்டு பனிக்குள் வந்து பனிக்குள் போனது. அதைத் தாண்டி ஒரு வளைவில் முத்துக்கண்ணன் சட்டென்று பிரேக் போட்டான். எதிரே கறுப்பாக, அகலமாக, அசையாமல் ஒன்று நின்றது. சந்திரவல்லி கும்பிடப் போனவள் மாதிரி கையைச் சேர்த்துவிட்டாள். பனி கொஞ்சம் விலகியது. ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் டிரம்.

முத்துக்கண்ணன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். ஜீப்பை ஒதுக்கிக் கிளப்பி நாலு அடி போயிருப்பான், பின்னாலிருந்து மொக்கச்சாமியின் குரல் வந்தது.

"மாப்ளே, மாடு. மாடு போகுதுடா."

அவர்கள் கடந்து வந்த இடத்தில், ஜீப்புக்குப் பின்னால், அது சாலையைத் தாண்டியிருக்கிறது. சந்திரவல்லி திரும்பினாள். நடுவில் தலைகள், தூக்குச்சட்டிகள், தார்ப்பாய். அவளுக்கு வாலும் தெரியவில்லை.

தோட்டத்தில் இறங்கியதும் மொக்கச்சாமி அவளிடம் ஓடி வந்தார். கங்காணி ஓடி யாரும் பார்த்ததில்லை. "ஏத்தா, நீ சொன்ன மாதிரியேதான். வெள்ளச் சாக்ஸு. என்னா ஒரு நடை. நான் முன்னாடியே ஒக்காந்து ஒக்காந்து மூஞ்சியப் பாத்து மெரண்டதுதேன் மிச்சம், அது போற அழக இன்னைக்கித்தேன் பாத்தேன்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "நாளைக்கும் வேணா ஒக்காரு" என்றார் மெதுவாக.

"வேணாம்ண்ணே" என்றாள் சந்திரவல்லி. அன்று ஏலக்காய் பறித்துக்கொண்டே, தனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். அப்படி முடிவு கட்டியும் ஏக்கம் போகவில்லை என்பதுதான் வேதனை.

கண்காட்சிக்கு அவள் காட்டுமாட்டைத்தான் வரைந்தாள், போகிற மாட்டை. ஈரத் தாளில் பனியைப் பரவவிட்டாள். ஏலச் செடிகளின் நீள இலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். நடுவே பழுப்பும் நீலமும் குழைத்த பெரிய முதுகு, மேட்டில் ஊன்றிய பின்னங்கால், சரியான இடத்தில் குதிகால். கீழே நாலு இடத்தில் தாளை அப்படியே விட்டுவைத்தாள். தலை இலைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒரு காது மட்டும் இந்தப் பக்கமாகக் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஜீப்புச் சத்தம் கேட்டால் காது திரும்பும், அதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

ரோஜா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். அந்தத் 'தான்' சந்திரவல்லிக்குக் கேட்டது. மண்டபத்தில் அவள் படத்துக்குக் கிடைத்த இடம் ஜூஸ் கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்துச் சுவர். மற்ற சுவர்களில் பிள்ளைகள் வரைந்த புலியும் யானையும் ஊரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ஜூஸ் வாங்க வந்த ஒருவர் மனைவியிடம், "இந்தப் பிள்ளைக்கு மூஞ்சி வரையத் தெரியல போல" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திரவல்லி அந்தப் பிள்ளை தான் இல்லை என்பது போலச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். வீட்டுக்குப் போய் அரிசி டப்பாவுக்கு அடியில் இருப்பதை எடுத்துவந்து மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் ஜீப்புப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஜூஸைக் குடித்தார்கள், புலியைப் பார்த்தார்கள், "எங்கடி ஒன்னோடது?" என்று கேட்டார்கள். கையைக் காட்டினாள். ஆளுக்கு ஒரு பார்வை பார்த்து, "அப்படியே இருக்குடி" என்று சொல்லிவிட்டு யானைப் பக்கம் நகர்ந்தார்கள். சுப்புத்தாய் மட்டும் நகரவில்லை.

"இதுதானா அது?" என்றாள்.

"எது மதினி?"

"மாடு மாடுன்னு கத்துவீகளே. அது."

சந்திரவல்லி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க பாத்ததில்லையா?"

"எங்கிட்டுப் பாக்க? மூலையில தார்ப்பாயிக்குள்ள கெடப்பேன். முன்னாடி கங்காணி தல, எதுக்க ஒங்க மூஞ்சிக. வளைவு ஏறுனா வயித்தப் பெரட்டும், எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு கண்ண மூடிக்கிருவேன்." சுப்புத்தாய் இதை வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ்சு தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். "சத்தம் மட்டுந்தேன் கேட்டிருக்கேன். நீ ஏறுன வருசத்துக்கு முந்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

இத்தனை வருஷமாகக் கடைசிச் சீட்டுக்குக் கிடைத்த முதுகை நினைத்து நினைத்து சந்திரவல்லி ஏங்கியிருக்கிறாள். அந்த முதுகும் கிடைக்காத ஒருத்தி அதே ஜீப்பில், கைக்கெட்டுகிற தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

சுப்புத்தாய் இன்னும் பக்கத்தில் போனாள். தொடாமல், விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டே வெள்ளைக் கால்களின் மேல் கொண்டுபோனாள். பிறகு காதுக்கு வந்தாள். அங்கே விரல் நின்றது.

"காத இங்கிட்டு வச்சிருக்கு" என்றாள். "நாம பேசுறது கேக்குமோ?"

"கேக்கும் மதினி."

சுப்புத்தாய் குரலைத் தணித்துக்கொண்டாள். "திரும்புமா?"

திரும்பாது என்று சந்திரவல்லிக்குத் தெரியும். வரைந்தவள் அவள்தான், தாளில் அதற்கு மேல் இடமும் இல்லை. அப்படிச் சொல்ல வாயைத் திறந்தவள் படத்தைப் பார்த்தாள். பனி, இலை, முதுகு, ஒரு காது. முதன்முறையாக அவளும் அதை வேறு யாரோ வரைந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

ரோஜா மண்டபத்துக்கு அந்தக் கோடியிலிருந்து, போட்டோ எடுக்க வரச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜீப்புப் பெண்கள் வாசலில் நின்று, "ஏ சுப்புத்தாயி, வெரசா வா, சோலி கெடக்கு" என்று சத்தம் போட்டார்கள்.

"சத்தம் போடாதீகடி" என்றாள் சுப்புத்தாய் திரும்பாமலே.

சந்திரவல்லி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"கொஞ்ச நேரம் நிப்போம் மதினி" என்றாள். "திரும்புனாலும் திரும்பும்."