இரண்டு மணிக்குத் தாழும் வண்டி

என் மருமகன் சஞ்சயின் வண்டி வாசலில் வந்து நின்றால் தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில் எங்கள் வீட்டு வரிசைக்கே பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கும். அத்தனை பெரிசு. அதன் முன்பக்க பம்பரில் மூன்று குடும்பத்துத் துணியைக் காயப்போடலாம், போட்டும் இருக்கிறோம். அதன் விலையைக் கேட்ட அன்று என் மனைவி தாயம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் ஒரு வேளைதான், அன்றைக்கும் காலையில் பூரி அதிகமாகிவிட்டதுதான் காரணம்.

மற்ற வண்டிகளை ஸ்பிரிங் தாங்கும். இதை எண்ணெய் தாங்குகிறது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்பு உருண்டை, உள்ளே அடைத்த வாயு, அதன் மேல் எண்ணெயின் அழுத்தம். ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் அமுங்கும். உடனே பம்ப் ஓடி, பெருமூச்சு விட்டபடி பழைய உயரத்துக்கு எழும். ஆள் இறங்கினால் எம்பி, பிறகு மெல்ல அடங்கும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இந்த வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. பெங்களூரில் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. சனி, ஞாயிறு என் மகள் அமலாவும் சஞ்சயும் எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும், பகல் சரியாக இரண்டு மணிக்கு, பின்பக்கத்து இடது மூலை தானாகத் தாழும்.

ஷோரூம்காரர்கள் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். மூன்றாவது தடவை, எதற்கு வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

"நாலு உருண்டையும் மாத்தணுமாம் மாமா. நாலே முக்கால் லட்சம். மூணு வாரம் ஆகும்" என்றான் சஞ்சய்.

"நாலு உருண்டைக்கா? அந்தக் காசுக்குத் தங்கத்துலயே உருட்டி வாங்கலாமே மாப்ள."

"தங்கம் எங்க மாமா இருக்குது? அதான் நீங்கள்லாம் மொத்தமும் தோண்டி எடுத்துட்டீங்களே."

"அய்ய, எங்க கையில இன்னா மிஞ்சுச்சு? இருமல்தான் மிஞ்சுச்சு. வண்டிய உடு, நான் பாத்துக்கறேன்."

"மாமா, இது சும்னே கை வைக்கிற வண்டி இல்ல. கம்ப்யூட்டர் வெச்சுதான் பாக்கணும்."

"ரெண்டாயிரம் மீட்டர் கயித்துல ஆள ஏத்தி எறக்கினவன்யா நான். அப்போ எந்தக் கம்ப்யூட்டர் இருந்துச்சு?"

கடைசியில் ஞாயிறு மாலை வரை கெடு கொடுத்தான். திங்கள் காலை பெங்களூரிலிருந்து லாரி வந்து வண்டியைத் தூக்கிப் போகும்.

நான் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவன். பூமிக்கடியில் அறுபதாவது லெவலில், மேலே போகும் கூண்டான கேஜின் வாசலில் நின்று ஆட்களை எண்ணி ஏற்றி, மேலே இருப்பவனுக்கு மணி அடிப்பது என் வேலை. மூன்று மணி அடித்தால் ஆள் ஏறப்போகிறது. மேலிருந்து பதிலுக்கு மூன்று வந்தால் ஏறலாம். பிறகு ஒரு மணி. கேஜ் மேலே போகும்.

அவ்வளவு ஆழத்தில் கயிறு நீளமாகத் தொங்குவதால், ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் கேஜ் கொஞ்சம் கீழே இழுபடும். அந்த இழுப்பை வைத்தே, முதுகைக் காட்டி நின்றபடி எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லிவிடுவேன். ஏறினவன் காலையில் களி தின்றானா இட்லி தின்றானா என்பதும் எனக்குத் தெரியும் என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியவன் நான்தான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு முன்பே பின்சக்கரத்துக்கு மேல் சாக்பீஸில் கோடு போட்டு, பக்கத்தில் அங்குல டேப்பை ஒட்டிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தேன். முன்சீட்டில் தாயம்மா. என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மே மாதத்துச் சனி, ஞாயிறு முழுக்க அவள் குடியிருந்தது அந்த முன்சீட்டில்தான்.

முதல் ஷிப்ட் முடிகிற நேரம் இரண்டு மணி. சங்கு ஊதி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் அந்த நேரத்துக்கு எங்கள் வரிசை ஒரு கணம் அடங்கிப்போகும். நாய்கூடத் தெருவில் நிற்பதில்லை.

கோடு கால் அங்குலம் தாழ்ந்தது. நின்றது. நான் மூச்சை இழுப்பதற்குள் இன்னொரு அரை அங்குலம் தாழ்ந்தது. பம்ப் ஓடியது. வண்டி மெல்ல எழுந்து பழைய கோட்டுக்கு வந்தது.

"இன்னாங்க" என்றாள் தாயம்மா உள்ளிருந்து. "பின்னாடி இடது சீட்டுல பெல்ட்டு போடலன்னு வெளக்கு எரியுது. டிங்கு டிங்குன்னு கத்துது. நான் ஒருத்திதானே கீறேன்?"

"கடலைத் தோல பின்னாடி போட்டிருப்பே" என்றேன். கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கவில்லை.

எண்ணெய் கசிந்தால் வண்டி ஒரே சீராக இறங்கும். இப்படி இரண்டு தவணையாக இறங்காது. எல்லோரும் கேஜில் தடாலென்று குதித்து ஏறுவார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு காலை உள்ளே வைப்பான், நிற்பான், யோசிப்பான், பிறகு முழு ஆளும் ஏறுவான். அவன் பெயர் ரத்தினம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அறுபதாவது லெவல் பாறை வெடித்து உள்வாங்கியதில் அங்கேயே தங்கிவிட்டவன். உடம்பு கிடைக்கவில்லை. அந்த லெவலையே மூடிவிட்டார்கள்.

ரத்தினத்தின் கதையை மாரிகுப்பம் முதல் பாலகாட் வரை கேட்காதவர்கள் கிடையாது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஏறும்போது கேஜில் கடைசியாக ஒரே ஒரு இடம்தான் இருந்தது. 'நீ போ சௌந்தர், நான் அடுத்த ட்ரிப்ல வரேன்' என்று தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான். அதனால் நான் பிழைத்தேன், அவன் போனான். வருஷா வருஷம் புத்த விகாரில் அவன் நினைவு நாளில் இதை நான் எழுந்து நின்று சொல்வேன். அவன் மகள் தென்றல் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். அப்பா சாகும்போது அவள் மூன்று மாதக் குழந்தை. அவளுக்கு அப்பா என்றாலே நான் சொல்லும் அந்தக் கதைதான்.

அந்தக் கதை பொய்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கை வைத்தபோது எனக்கு ஒரே வேண்டுதல்தான் இருந்தது: எண்ணெயாக இருக்கட்டும். வெறும் எண்ணெய்க் கோளாறாக இருந்துவிட்டால் நான் தப்பித்தேன். இல்லையென்றாலும் ஒரு வழி இருந்தது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றால் லாரி வந்து வண்டியைத் தூக்கிப் போய்விடும். பெங்களூரில் இரண்டு மணிக்கு யாரும் ஏறுவதில்லை.

முதலில் வண்டியைத் தாழ்ந்த நிலையில் நிறுத்தி, தொட்டியில் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்தேன். பிறகு முழு உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். பதினாலு கோடு வித்தியாசம்.

"பாத்தியா மாப்ள? உருண்டை செத்திருந்தா இந்த வித்தியாசம் கொறைஞ்சிடும். நாலும் கொழுகொழுன்னு கீது. உன் ஷோரூம்காரன் மூடிய தொறந்துகூடப் பாக்கல."

வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் நாலு தண்டவாளக் கட்டையை அடுக்கினேன். தொங்குகிற பாரத்துக்கு அடியில் மரம் வைக்காமல் தலையை நீட்டக் கூடாது என்பது சுரங்கத்தில் முதல் நாள் பாடம். ஒவ்வொரு சக்கரத்திலும் காற்று விடும் திருகைத் தளர்த்தி, ரப்பர் குழாய் மாட்டி, பழைய எண்ணெயைப் பாட்டிலில் இறக்கினேன். டிகாக்‌ஷன் மாதிரிக் கறுப்பாக வந்தது. சஞ்சய் ஆர்டர் போட்டு வரவழைத்த புது எண்ணெயை ஊற்றி, குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் வரும்வரை விட்டேன். வண்டி பூனை மாதிரி எழுந்து நின்றது. சஞ்சய் என் காலில் விழவில்லை. விழுந்தான் என்றுதான் இப்போது தெருவில் சொல்லி வருகிறேன்.

மணி ஒன்றே முக்கால். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு மணி. கால் அங்குலம். நிறுத்தம். அரை அங்குலம்.

டிங், டிங், டிங்.

"ஆகல மாமா" என்றான் சஞ்சய், பாவமாக. "லாரிக்கு கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

அவன் போனை எடுத்தான். பெல்ட் மணி மூன்று மூன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பெல்மேன் மூன்று மணியைக் கேட்டுவிட்டுப் பதில் கொடுக்காமல் நிற்க முடியாது. முப்பத்தைந்து வருஷமாக நான் அப்படித்தான் நின்றிருந்தேன்.

"போனை வை மாப்ள. சாவி எங்கே?"

"வண்டிக்குள்ளதான் இருக்குது. எங்க போறீங்க?"

"ரத்தினத்த ஊட்ல உட்டுட்டு வரேன்."

தாயம்மா என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷம் என் புளுகோடு குடும்பம் நடத்தியவள். எது புளுகு, எது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, பின்கதவைத் திறந்து, காலியாகக் கிடந்த இடது சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"கொஞ்சம் சாஞ்சுக்கோங்கண்ணா" என்றாள் மெதுவாக.

டிங் நின்றது. சஞ்சய் போனைப் பையில் போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டான். தாயம்மா பின்னால், வலது ஓரத்தில். நான் ஹாரனை மூன்று தடவை அடித்தேன். சற்று விட்டு, ஒரு தடவை. கிளம்பினோம்.

ரத்தினத்தின் வீடு பாலகாட்டில். பள்ளங்களில் வண்டியின் இடது பின்பக்கம் மட்டும் சற்றுத் தாமதமாக ஆடியது. உள்ளே ஈரப் பாறையின் வாசனை அடித்தது. மே மாதத்தில், ஏசி ஓடும் வண்டிக்குள். சஞ்சயும் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்தேன்.

தென்றல் வாசலில் துவைத்த யூனிபாரத்தை உதறிக்கொண்டிருந்தாள். பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் துணி நாள்.

"வாங்க மாமா. இன்னா, கப்பல்ல வந்துகீறீங்க?"

நான் வண்டியை விட்டு இறங்கி அதன் பக்கத்திலேயே நின்றேன். நான் இறங்கியதும் என் பக்கம் எம்பி அடங்கியது. இடது பின்பக்கம் அப்படியே இருந்தது.

"தென்றலு, உங்கப்பா எனக்கு எடம் உட்டுக் குடுக்கலம்மா."

அவள் உதறுவதை நிறுத்தினாள்.

"அவன்தான் முன்னாடி நின்னான். ஒரு கால உள்ள வெச்சிட்டான். நான்தான் தோளப் புடிச்சி இழுத்து வெளிய உட்டேன். 'அடுத்த ட்ரிப்ல வாடா, எனக்கு மேட்னி ஆரம்பிச்சிடும்'னு சொல்லிட்டு ஏறிக் கதவச் சாத்தினேன். அவன் சிரிச்சான். அவ்ளோதான் நடந்தது. மத்ததெல்லாம் நான் கட்டினது."

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல எவ்வளவோ இடம் இருந்தது.

அவள் ஈரச் சட்டையை இன்னொரு தடவை பிழிந்தாள்.

"இன்னா படம்?" என்றாள்.

"ஞாபகம் இல்லம்மா. உக்காந்த கொஞ்ச நேரத்துல அபாயச் சங்கு ஊதிடுச்சு."

"வருஷா வருஷம் முன்வரிசையில உக்காந்து அழுதிருக்கேன் மாமா. எங்கப்பா எவ்ளோ பெரிய மனசுன்னு."

"தெரியும்."

"அவருக்கு ஊட்டுக்கு வரணும்னு இருந்துச்சா, இல்லையா?"

"ஒரு கால உள்ள வெச்சிட்டானே தென்றலு."

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு நேராக வந்து, என்னைத் தாண்டி, வண்டியின் இடது பின்கதவைத் திறந்தாள். தாயம்மா உள்ளிருந்து எட்டி பெல்ட்டை விடுவித்தாள். நாங்கள் யாரும் அவளிடம் எந்தச் சீட்டு என்று சொல்லியிருக்கவில்லை.

வண்டி அரை அங்குலம் எம்பியது. நின்றது. பிறகு கால் அங்குலம். பின்தங்கிய அந்த ஒற்றைக் காலும் இறங்கிவிட்டது. பம்பின் எண்ணெய் திரும்பித் தொட்டிக்குள் ஓடும் சத்தம் கேட்டது. வண்டி மெல்ல அடங்கிச் சமமாக நின்றது.

தென்றல் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை.

திங்கள் காலை லாரி வெறுமனே திரும்பிப் போனது. ஷோரூமிலிருந்து போன் வந்தது. எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்று கேட்டார்களாம். சஞ்சய் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆயில்தான் மாத்தினோம்" என்றான். அதுவும் உண்மைதானே.

அன்று அவர்கள் பெங்களூர் கிளம்புமுன், பகல் இரண்டு மணிக்குச் சாக்பீஸ் கோட்டுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கோடு அசையவில்லை. தாயம்மா முன்சீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய், இடது பின்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து நின்றேன். வண்டி கால் அங்குலம் தாழ்ந்தது. அங்கிருந்து மற்றக் காலைத் தூக்கி ஏற எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.