சைவக் கேக்கும் வேதக்காரப் பெடியனும்

என் அப்பா இராசநாயகத்துக்கு உலகத்தில் இரண்டே சட்டி. ஒன்று சைவச் சட்டி, மற்றது மச்சச் சட்டி. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் மச்சம். வெள்ளிக்கிழமை அவை எங்கள் சண்டிலிப்பாய் வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமை யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்துவிட்டால் அப்பா இரண்டு துண்டு சாப்பிடுவார்.

"அதுக்குள்ளை முட்டை இருக்கெல்லோ, அப்பா?"

"கேக் சைவம், பிள்ளை. செல்வரட்ணம் மாஸ்டரே வெள்ளிக்கிழமை சாப்பிடுறவர்."

மாஸ்டர் கோயில் நிர்வாகத் தலைவர். அவர் வாயில் போனதும் முட்டைக்கு மோட்சம் கிடைத்துவிடும். யாரும் செய்யாத காரியத்துக்குத்தான் அப்பாவிடம் சட்டம் இருந்தது. பெரிய மனிதர் ஒருவர் செய்துவிட்டால் பிறகு அவர்தான் சட்டம்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் கிறிஸ்தவரான லெனாட்டைக் கட்டப்போகிறேன் என்று சொன்னேன்.

"வேதக்காரப் பெடியனோ? அவை மச்சக்காரரெல்லோ!"

"அவர் முட்டை மணத்துக்கே எழும்பி ஓடுற ஆள், அப்பா."

"எங்கடை ஊரிலை முந்தி ஆர் உப்பிடிக் கட்டினவை? ஒரு பேர் சொல்லு பாப்பம்."

யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

"நாங்கள் முதல் ஆளாய் நிக்கேலாது" என்றார் அப்பா.

லெனாட்டைப் பொறுத்திருக்கச் சொன்னேன். பாவம், மூன்று வருடம் பொறுத்திருந்தார்.

போன ஆவணியில் மாஸ்டரின் மகள் சுவர்ணா கனடாவிலிருந்து வெள்ளைக்காரப் புருசனோடு வந்தாள். அவன் வேட்டி கட்டிக் கோயிலில் கும்பிட்டான். ஊரே வாய் பார்த்து நின்றது. "நல்ல பெடியன், தனிச் சைவம்" என்றார் மாஸ்டர். அன்று பின்னேரமே அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்த லெனாட்டை வந்து கதைக்கச் சொல்லு. இனி ஒரு பிரச்சினையும் இல்லை."

"அவருக்குத் தையிலையே கலியாணம் முடிஞ்சுது, அப்பா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது பக்கத்து வீட்டுத் தர்சிகாவும் ஒரு வேதக்காரப் பெடியனைத்தான் விரும்புகிறாள். "வெள்ளைக்காரன் வேறை, இவன் வேறை" என்று அவளுடைய தகப்பன் சுபாஸ் ஒற்றைக் காலில் நின்றார். அப்பாதான் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்:

"விசர்க்கதை கதையாதை. என்ரை கோபிகாவைப் பாத்தனியெல்லோ? உவளையும் அப்பிடிக் கலியாணமில்லாமல் இருத்தப்போறியே?"

சுபாஸ் உடனே சம்மதித்துவிட்டார். கலியாண வேலைகளுக்கு அப்பாதான் முன்னுக்கு நிற்கிறார்.