விரதம் பிடித்த பாம்பு

கோயில் பரிபாலன சபைத் தலைவர் இராஜரட்ணத்துக்கு மகளின் பாம்பைக் கண்டாலே நடுக்கம். மகள் நிலக்சி, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறவள். பென்சில் தடிப்பில் ஒரு செம்மஞ்சள் குட்டியை வாங்கிவந்து, டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டின் வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்திருந்தாள். வந்த நாளிலிருந்து அது இரையைத் தொடவில்லை. கந்தசஷ்டி தொடங்கியதும் தலைவரின் நடுக்கம் பக்தியாகிவிட்டது.

“பாத்தியே? உதுவும் விரதம் பிடிக்குது.”

“அப்பா, பிளீஸ்! இப்பிடியே கிடந்தா செத்துப்போகும்.”

சஷ்டி வீட்டில் மாமிசம் கூடாதென்று, பாம்புக்கு வைத்திருந்த உறைந்த எலிக்குஞ்சுகளைத் தலைவர் பிறீசரிலிருந்து நாடுகடத்தினார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர் எட்வேட் தன் பிறீசரில் அவற்றுக்கு அகதி அந்தஸ்து வழங்கினார். அடுத்து, தலைவர் தொலைபேசியை எடுத்தார்.

மார்க்கம் நகரத்திலிருந்தெல்லாம் கார்கள் வந்தன. வந்தவர்கள் கண்ணாடியில் தட்டினார்கள். பால் கிண்ணம் வைத்தார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் குட்டி இன்னும் இறுகச் சுருண்டது. அதன் கண்கள் வெண்ணீலமாய் மங்கின.

“தியானம்,” என்று தலைவர் விளக்கமளித்தார்.

“அது தோலுரிச்சுச் செட்டை கழட்டப்போகுது அப்பா! உந்தச் சனம் நிண்டா அது பயத்தில சாப்பிடவே மாட்டுது.”

நிலக்சி ஒரு சேலையை எடுத்துத் தொட்டியை மூடினாள்.

“தரிசனத்தை மறைக்கிறியோ?”

“ஏன், உங்கட கோயில்லயும் திரை போடுறவைதானே?”

சபை யாப்பை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய தலைவர், அதில் திரைக்கு எதிராக ஒரு விதியும் இல்லையென்று சனத்துக்கு அறிவித்தார். திரை நின்றது. சனம் கலைந்தது.

விரதத்தின் கடைசி நாளான சூரன்போர் அன்று காலை, தலைவரைக் கோயிலுக்கு ஏற்றிப்போகச் செயலாளர் பொன்னம்பலம் வந்திருந்தார். நிலக்சி சேலையின் ஓரத்தை விலக்கி, வாயில் விரல் வைத்து இருவரையும் கூப்பிட்டாள்.

குட்டி மூக்கை ஒரு கல்லில் உரசியது. உதட்டோரம் தோல் பிரிந்து, காலுறை கழல்வதுபோலப் பின்னே சுருண்டது. கண்ணை மூடியிருந்த படலமும் அதோடு போனது. உள்ளிருந்து ஈரத் தணல்போல ஒரு புது உடம்பு வந்துகொண்டேயிருந்தது. தலைவர் தோளிலிருந்து நழுவிய சால்வையை இழுத்துவிட மறந்தார்.

எட்வேட் வீட்டிலிருந்து எடுத்துவந்து வெந்நீரில் சூடாக்கிய எலிக்குஞ்சொன்றை நிலக்சி இடுக்கியால் நீட்டினாள். நாக்கு ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு அந்தச் சின்னத் தலை, தன்னைவிடப் பெரிதாக வாயைத் திறந்தது.

“ஐயோ தலைவர்! சூரன்போர் அண்டைக்கு, உங்கட வீட்டிலயே...” என்று பொன்னம்பலம் குரலெடுத்தார்.

“கத்தாதையும் ஐசே,” என்றார் இராஜரட்ணம், மூச்சளவு குரலில். “பிள்ளை சாப்பிடுது.”