பதினோராவது சாவி

சாந்தன்பாறையில் நாற்பது வருடம் ஏலக்காய் ஸ்டோர்களின் சாவிக்கொத்தை வைத்திருந்தவன் நான். ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். இடுப்பில் தொங்கிய கொத்தின் கனத்தால் இடது பக்கமாகவே சாய்ந்து நடந்து, என் வீட்டுப் பாதையும் இடது பக்கம் வளைந்துவிட்டது. பஞ்சாயத்து அந்த வளைவின் மேலேயே தார் போட்டிருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாச் சாவியும் வளையத்தில் ஏறிய பிறகுதான் முதல் கதவைத் திறக்க வேண்டும். பெரிய தோட்டத்துச் சாவி முதலில், சின்னது கடைசியில்.

ஓய்வுக்குப் பிறகு கொத்து போய் லேப்டாப் வந்தது. இப்போது சிறு விவசாயிகளின் ஸ்டோர்களில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஆளுக்கொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வீட்டிலிருந்தே அதற்குள் நுழைவேன். ஒவ்வொரு ஸ்டோருக்கும் ஒரு ரகசியச் சாவி, ஃபைலாக. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு ரகசிய வாக்கியம். ஏஜென்ட் என்றொரு புரோகிராம் உண்டு. ssh-add என்று அடித்து வாக்கியத்தை ஒருமுறை சொன்னால், சாவியை வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு, போகிற கதவிலெல்லாம் நமக்காக நீட்டும். கரண்ட் போனால் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், மழை ஈரம் அதிகம் என்று பின்சியின் ஸ்டோரில் சூட்டை ஐம்பத்தெட்டில் வைத்தேன். பதினொரு மணிக்கு நாற்பத்தெட்டுக்கு இறக்க வேண்டும். தாமதித்தால் காயின் பச்சை போய் மஞ்சள் அடிக்கும். பின்சிக்கு அது முதல் பறிப்பு. அவள் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் நிலம் ராஜசேகருடையது. காயின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிலத்தை அவளிடமே விடுவதா என்று சொல்வாராம். சாயங்காலம் வருகிறார்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. பூப்பாறை ரோட்டில் ஒற்றை யானை ஒன்று மின்கம்பத்தில் முதுகைச் சொறிந்திருக்கிறது. என் லேப்டாப் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது, யானைதான் போகவில்லை. ஸ்டோருக்குப் போகும் வழியை மறித்து நின்றது. இந்தப் பக்கம் பின்சியும், ஜீப் ஓட்டும் ஜின்சனும். அந்தப் பக்கம் ஸ்டோர். அதற்கு வேறு லைன் என்பதால் கேஸ் அடுப்பு நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

"மாமா, சூட்டைக் குறைச்சாச்சா?"

"சாவி ஏத்திக்கிட்டிருக்கேம்மா."

"என் சாவியா?"

"எல்லாச் சாவியும். உன்னுது பதினொண்ணாவது."

"ஐயோ மாமா!"

அன்று காலை பின்சியின் கதவைத் திறந்தபோது என்னிடம் ஐந்து சாவிகள்தான். அதன் பிறகு புதிதாக ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள். அரை ஏக்கர்க்காரியின் சாவியை முதலில் ஏற்ற என் விரல் ஒப்புக்கொள்ளவில்லை. பதினொரு வாக்கியத்தையும் ஒவ்வொன்றாக அடித்தேன். இரண்டில் பிழை, திரும்ப அடித்தேன். இதற்குள் மூன்று முறை போன். நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்தால் திரை தெரியவில்லை. பாதி எழுந்த நிலையிலேயே அடித்தேன்.

கடைசியில் பின்சியின் ஸ்டோரைத் தட்டினேன். அளவுக்கு மேல் தவறான முயற்சிகள் என்று கதவைச் சாத்திவிட்டது. மறுபடி தட்டினேன். மறுபடி சாத்தியது.

போனில் இந்த முறை ஜின்சன். "மாமா, இந்த யானை ரொம்ப நேரமா யோசிக்குது. அதுக்கிட்ட வாக்கியம் ஏதும் கேக்கட்டுமா?"

"நீ ஜீப்ப விட்டு இறங்காதல."

"இறங்கல. அதுதான் ஏறிரும் போல இருக்கு."

பின்சி போனைப் பிடுங்கினாள். "மணி பன்னெண்டேகால் மாமா. எங்காய் வேகுது!"

ssh-add -l என்று அடித்து, ஏஜென்ட் வைத்திருக்கும் சாவிகளைப் பார்த்தேன். பதினொன்றும் என் வரிசையில் நின்றன. அப்போதுதான் உறைத்தது. ஏஜென்ட் முதல் சாவியிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டுகிறது. இரும்புப் பூட்டு நாற்பது சாவியை நுழைத்தாலும் பேசாமல் இருக்கும். இந்தக் கதவு ஆறாவது தவறிலேயே திருடன் என்று முடிவுகட்டிவிடுகிறது. பின்சியின் சாவிக்கு முறையே வரவில்லை.

ssh-add -D. பதினொரு சாவியும் ஏஜென்டின் நினைவிலிருந்து ஒரே அடியில் உதிர்ந்தன. ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனாலும் என் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது. நாற்பது வருடத்தில் வெறும் வளையத்தோடு நான் எந்தக் கதவுக்கு முன்னாலும் நின்றதில்லை.

பின்சியின் சாவியை மட்டும் ஏற்றினேன். அதன் வாக்கியம் அவளே வைத்தது: ராஜசேகர் அண்ணன் மீசைக்கு மை அடிக்கிறார். மீசையை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவதில் சரியாக அடித்தேன். கதவு திறந்தது. சூட்டை இறக்கியபோது மணி பன்னிரண்டு இருபத்திரண்டு. யானை பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நகர்ந்தது. ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

சாயங்காலம் நானும் ஸ்டோருக்குப் போயிருந்தேன். ராஜசேகர் காயைக் கையில் அள்ளிப் பார்த்தார். கீழ்த்தட்டுகள் பச்சை. மேல்தட்டு ஒன்று மட்டும் வெளுத்திருந்தது.

"இது என்னம்மா?" என்றார்.

"ஆசீர்வாதம் மாமா பெரிய தோட்டத்துக்கு மரியாதை செஞ்ச அடையாளம்," என்றாள் பின்சி, என்னைப் பார்க்காமல்.

அவர் மீசையைத் தடவினார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒரு வருஷம் பாரு. அப்புறம் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போதெல்லாம் ஒரு நேரத்தில் ஒரே சாவிதான் ஏற்றுகிறேன். வேலை முடிந்ததும் உதிர்த்துவிடுகிறேன். அன்றிலிருந்து இடுப்பில் கனமே தெரியவில்லை. நேராக நடக்கிறேன். பாதை இன்னும் இடது பக்கம்தான் வளைகிறது, அதனால் தினமும் இரண்டு முறை பாதையோர ஓடையில் இறங்கி ஏறுகிறேன்.