ஏழாம் குழியின் மேடு

என் முதல் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று எனக்கு இருபத்து மூன்று வருஷம் தெரியாது. ஒன்பது நாள்தான் இருந்தாள். ஐம்பத்தாறாம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னி கண்டு போய்விட்டாள். பச்சை உடம்புக்காரி நான் லயத்து வீட்டில் சுருண்டு கிடக்க, ஆம்பிளைகள் நாலு பேர் அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்தில் பொம்பளைகள் சுடுகாட்டுப் பக்கம் போகிற வழக்கமில்லை. பச்சைப் பிள்ளைக்குக் கல்லும் கிடையாது, கருமாதியும் கிடையாது. பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தோம். அதற்கு முன்னாலேயே போய்விட்டதால் அவளுக்குப் பேரும் இல்லாமல் போயிற்று.

என் புருஷன் பிச்சைமுத்துவும் அந்த நாலு பேரில் ஒருவர். அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், சட்டியைப் போட்டு உடைத்தும் கேட்டிருக்கிறேன். "ஆத்தங்கரையில புள்ள. தண்ணி வந்து அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்பார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கரை முழுக்க என் கண் தேடும். எங்கே என்று தெரிந்தால் போதும், ஒரு தடவை கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தது எனக்கு. அவ்வளவுதான் என் ஆசை.

மூன்று வருஷம் கழித்து அர்ச்சுனன் பிறந்தான். அவனுக்கு மூன்று வயசானதும் நான் ரப்பர் மரத்துப் பால்வெட்டை விட்டுவிட்டு, தோட்டத்துக் கோல்ப் திடலில் புல்வெட்டு வேலைக்குச் சேர்ந்தேன். கோல்ப் என்றால் வேறொன்றுமில்லை. இத்தனூண்டு பந்தைத் தூரமாக அடித்துவிட்டு, அடித்தவரே அதைத் தேடிக்கொண்டு போகிற விளையாட்டு. கடைசியில் ஒரு குழிக்குள் தள்ளிவிட்டால் சந்தோஷப்படுவார்கள். எங்கள் திடலில் ஒன்பது குழி. ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோர் ஊருக்கு உள்ளே, ரப்பர் காட்டுக்கு நடுவில், சுண்ணாம்பு மலை தெரிகிற மாதிரி இருபத்தெட்டாம் வருஷம் துரைமார் போட்ட திடல். புல்வெட்டுக் கூட்டத்துக்குப் பிச்சைமுத்துதான் மண்டோர். வீட்டிலும் அவர்தான் பெரியவர், வேலையிலும் அவர்தான் பெரியவர். வாய் மட்டும் இரண்டு இடத்திலும் என்னுடையது.

ஏழாம் குழிக்குப் போகிற வழியில், இடது பக்கமாக, ஒரு மேடு இருக்கிறது. முழங்கால் உயரம், இரண்டு பாய் விரிக்கிற அகலம். திடல் முழுக்க மெஷினில் வெட்டுவோம். இந்த மேட்டை மட்டும் கத்தரியால் கையில் வெட்ட வேண்டும். அதுவும் நான்தான் வெட்ட வேண்டும். வேறு ஆளைப் போட மாட்டார்.

"ஏங்க, இதென்னா உங்க அப்பன் வூட்டுச் சொத்தா? மெஷின வுட்டா ரெண்டு நிமிஷம். குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பு ஒடியுது!"

"மழைத் தண்ணிய மறிக்கப் போட்ட மேடு புள்ள. மெஷின் ஏறுனா கரைஞ்சிரும்."

அறுபதாம் வருஷம் துரை அந்த இடத்தை அகலப்படுத்தச் சொன்னபோது, மலைத் தண்ணீர் பாய்ந்து குழிப்பக்கத்துப் புல்லைக் கெடுத்துவிடும் என்று சொல்லி இவர்தான் மண்ணைக் கொட்டி மேடாக்கினாராம். விளையாடுகிறவர்களுக்கு அது பிடிக்காது. நேராக வருகிற பந்து அதில் பட்டால் சிதறிக்கொண்டு ஆள் உயர லாலான் புல் புதருக்குள் ஓடிவிடும். அவர்கள் திட்டியதைவிட நான் அந்த மேட்டை அதிகம் திட்டியிருக்கிறேன். வெட்டி முடித்துவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டுதான் பகல் சோறு தின்பேன். சின்ன வயசில் அர்ச்சுனன் அதில் ஏறி ஏறிச் சறுக்கி, சிலுவார் கால்சட்டை எல்லாம் பச்சையாக்கிக்கொண்டு வருவான். இப்படிப் பதினேழு வருஷம் ஓடிப்போயிற்று. அர்ச்சுனன் வளர்ந்து லூமுட்டில் கடற்படையில் சேர்ந்துவிட்டான்.

எழுபத்தொன்பதில் தோட்டம் கைமாறியது. வெள்ளைக்காரத் துரைமார் எப்போதோ போய்விட்டார்கள். ஈப்போவிலிருந்து டாக்டர்களும் லாயர்களும் ஈயச் சுரங்கம் வைத்திருந்த சீன முதலாளிகளான தவுக்கேமார்களும் சேர்ந்து திடலை எடுத்துக்கொண்டு, ஆதியில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கமிட்டி போட்டார்கள். அதற்காக வந்தவர்தான் மிஸ்டர் சூங். ஈப்போ சீனர், ஒல்லியாக இருப்பார், ஸ்காட்லாந்து வரைக்கும் போய் இந்தத் திடல் போடுகிற படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். இப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் கையில் ஒரு தகரக் குழல். அதற்குள் ஐம்பது வருஷத்துக்கு முந்தின வரைபடம். எங்கள் திடலைப் போட்ட மக்ரே என்கிற துரை கைப்பட வரைந்தது. பழுத்த இலை நிறத்தில் இருந்தது, ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. சூங் அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு குழி குழியாக நடந்தார். பிச்சைமுத்துவும் நானும் கூடப் போனோம். எங்களோடு சந்தையில் பேசுகிற பசார் மலாயில் பேசினார். அதை நான் தமிழில் சொல்கிறேன்.

"மண்டோர், இந்த மக்ரே லேசுப்பட்ட ஆளு இல்ல லா. ஒரு மேட்டையும் வெட்டல, ஒரு பள்ளத்தையும் மூடல. மூணு நாளு மூங்கில் குச்சிய வச்சிக்கிட்டு இந்தக் காட்டுல சும்மா நடந்திருக்காரு. நெலம் எந்தப் பக்கம் போவச் சொல்லுதோ அந்தப் பக்கம் போயிருக்காரு. பின்னால வந்தவங்கதான் கண்டதையும் சேர்த்துக் கெடுத்துட்டாங்க."

நாலாம் குழியில் பாதை காரணமே இல்லாமல் ஒரு வளைவு வளைந்து போகும். அந்த வளைவுக்குள் ஒரு வெள்ளைக் கல் நட்டிருக்கும். சூங் வரைபடத்தில் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அந்தக் காலத்துத் தோட்டத்துத் துரையின் நாயைப் பாம்பு கடித்துவிட்டதாம். அதை அங்கே புதைத்திருந்தார்களாம். மக்ரே துரை அந்தப் புதைகுழியைச் சுற்றிப் பாதையை வளைத்துப் போட்டு, வரைபடத்தில் நாயின் பேரையும் எழுதிவைத்திருக்கிறார். ரெக்ஸ். வரைபடத்தில் இருப்பதெல்லாம் இருக்கும், இல்லாததெல்லாம் போகும் என்றார் சூங். இருப்பதற்கு வெள்ளைத் துணி கட்டிய குச்சி நட்டார். போவதற்குச் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டார்.

ஏழாம் குழிக்கு வந்ததும் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மேடு மேப்ல இல்லயே. தண்ணியும் இந்தப் பக்கம் வராதே. யாரு போட்டா?" என்று கேட்டார். பிச்சைமுத்து குனிந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். சூங் மேட்டின் நடுவில் ஒரு சிவப்புக் குச்சியைக் குத்தினார். திங்கட்கிழமை புல்டோசர் வரும் என்றார். அப்பாடா, என் இடுப்பு பிழைத்தது என்று நான் சொன்னேன். ஆமாம், என் வாயால் அதைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் குச்சியைக் காணோம். சூங் வேறொன்று நட்டார். மத்தியானம் அதையும் காணோம். மூன்றாவது குச்சியை என் புருஷன் பிடுங்கும்போது நானே பார்த்துவிட்டேன். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. புது முதலாளிகள். இவருக்கு ஐம்பத்தைந்து வயசு. வேலை போனால் இருக்கிற வீடும் போகும். சனிக்கிழமை உச்சி வெயிலில், அந்த மேட்டு மேலேயே நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"ஒங்களுக்குப் பைத்தியமா? ஒரு மண்ணு மேட்டுக்காவ நம்ம ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்தப் போறீங்களா?"

அவர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார். "எறங்கு புள்ள" என்றார். "மேல நிக்காத."

"ஏன், நின்னா என்னா?"

"நம்ம புள்ள இங்கதான் இருக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கால் தானாக இறங்கிவிட்டது.

அன்றைக்கு ஆற்றில் வெள்ளம், மரப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். சுடுகாடு அக்கரையில். நாலு பேரும் மழையில் பிள்ளையோடு நின்றிருக்கிறார்கள். அப்போது இந்த இடம் லாலான் காடு, யாரும் வர மாட்டார்கள் என்று இங்கேயே குழி தோண்டியிருக்கிறார்கள். "அறுபதுல துரை அகலமாக்கச் சொன்னான். டிராக்டர் இங்கதான் உழுவணும். மொத நாளே மண்ணக் கொண்டாந்து கொட்டிட்டேன். தண்ணிக்குன்னு பொய்யி சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பெத்தவ கண்ணுல எடம் பட்டா அடுத்தது தங்காதுன்னு பெரியவங்க சொன்னாங்க. அர்ச்சுனன் பொறந்தொடன சொல்லலாம்னு இருந்தேன். நீ இங்க ஒக்காந்து அழுதின்னா துரைக்குத் தெரிஞ்சிரும், தோண்டி எடுக்கச் சொல்லிருவான்னு பயந்தேன். அப்புறம் வருஷம் போயிருச்சி. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல புள்ள."

"பதினேழு வருஷமா என்னை வச்சே வெட்ட வச்சீங்களே!"

"வேற யாரு கையும் படக்கூடாதுன்னுதான். ஒன் கைதான் படணும்னு நெனச்சேன்."

அவர் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தூர எறிந்தேன். நெஞ்சில் இரண்டு குத்து குத்தினேன். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு நான் அங்கேயே உட்கார்ந்து மேட்டின் மேல் கையை வைத்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் வெட்டிய புல். ஒட்ட ஒட்ட, மேடு பள்ளம் இல்லாமல், நன்றாகத்தான் வெட்டியிருந்தேன். அந்த ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. எத்தனை திட்டினாலும் ஒரு நாளும் அரைகுறையாக வெட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

திங்கட்கிழமை காலை லோரியிலிருந்து புல்டோசரை இறக்கும்போது நான் மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பிச்சைமுத்து பக்கத்தில் நின்றார். சூங் வேகமாக வந்தார்.

"அக்கா, எழுந்திரிங்க. மெஷின் வருது."

"இத இடிக்கக் கூடாது."

"மேப்ல இல்ல அக்கா. நான் என்னா செய்யறது?"

"நாலாங் குழியில நாய் இருக்கு, அது மேப்ல இருக்கா?"

"இருக்கு."

"ஒங்க மக்ரே துரை நாய்க்காவப் பாதைய வளைச்சாருல்ல? லேசுப்பட்ட ஆளு இல்லன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா, ஆனா..."

பிள்ளைக்கு மலாயில் என்ன சொல் என்று எனக்குத் தெரியும், சந்தையில் தினம் பேசுகிற சொல்தான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. இடது கையை மடக்கி, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரைக்கும் வலது கையால் அளந்து காட்டினேன். இவ்வளவுதான் இருந்தாள். பிறகு மேட்டைத் தொட்டுக் காட்டினேன்.

சூங் என் கையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். தலையைக் குனிந்து நின்ற பிச்சைமுத்துவைப் பார்த்தார். பிறகு அவர் கையைக் காட்டிப் புல்டோசரை நிறுத்தச் சொன்னார். பிச்சைமுத்து பிடுங்கிப் போட்டிருந்த சிவப்புக் குச்சியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெள்ளைத் துணி கட்டியது ஒன்றைக் கொண்டுவந்தார். மேட்டில் குத்தாமல், ஒரு முழம் தள்ளி நட்டார்.

புதிதாகத் தான் வரைந்துகொண்டிருந்த வரைபடத்தைப் புல்லில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். ஏழாம் குழியின் இடது பக்கம் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"கமிட்டிக்காரங்க நடந்து பாக்க மாட்டாங்க லா, மேப்பத்தான் பாப்பாங்க. இதுல இருந்தா இருக்கும்" என்றார். பென்சிலை எடுக்காமலே கேட்டார். "இதுல எல்லாத்துக்கும் பேரு போட்டிருக்கேன் அக்கா. இதுக்கு என்னா பேரு?"

"பேரு வைக்கலீங்க" என்றார் பிச்சைமுத்து.

"செல்லாயி" என்றேன் நான்.

இவர் திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வயிற்றில் இருக்கும்போதே, பெண்ணாக இருந்தால் இதுதான் என்று எனக்குள் வைத்துக்கொண்ட பேர். பேர் வைக்கிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த நாள் வராததால் யாரிடமும் சொல்லவில்லை, கட்டின புருஷனிடமும் சொல்லவில்லை. இடத்தை ஒளித்துவைத்துவிட்டார் என்று அவரைப் போட்டு அடித்தேன். நானும் ஒன்றை ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

சூங் அந்தப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் நிதானமாக எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் பிச்சைமுத்து அழுதார். இருபத்து மூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டு கிளப்பில் மாட்டியிருக்கிறார்கள். விளையாட வருகிறவர்களுக்கு அதையே சின்னதாக அச்சடித்து அட்டையாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பேர் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. யாரோ பழைய துரையின் பெண்டாட்டி என்று ஒரு லாயர் இன்னொருவருக்கு விளக்கம் சொன்னதைக் கேட்டேன். சிரித்துக்கொண்டேன், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் இன்னமும் அந்த மேட்டைக் கத்தரியால்தான் வெட்டுகிறேன். வெட்டிக்கொண்டிருக்கும்போது தூரத்திலிருந்து குரல் வரும். "டாக்டர், கொஞ்சம் வலது பக்கம் அடிங்க, செல்லாயி இருக்கு!" "அடடா, செல்லாயிகிட்ட போயிருச்சி லா!" சீனர் ஒரு மாதிரி சொல்வார், மலாய்க்காரர் ஒரு மாதிரி சொல்வார். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை என் மகளை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் நிமிர்ந்து பார்க்கிறேன்.